வாங்குனது வாங்குனாப்ல

என் மாமனார் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது சட்டை போட்டுக்கொள்வார். வீட்டில் எந்நேரமும் வேட்டியும் துண்டுமாகத் திரிகிற மனிதர், அந்த நாற்காலிக்கு வரும்போது மட்டும் கொடியில் தொங்கும் அரைக்கைச் சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொள்வார். அதிகாரியைப் பார்க்க வந்தவர்போல நாற்காலியின் நுனியில் உட்காருவார். மவுஸைத் தொட மாட்டார். “நீ அமுத்தும்மா” என்பார்.

அவர் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மாமா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கோப்புகளைச் சுருக்கி வைக்கிற மென்பொருள் ஒன்றை நாங்கள் அப்போது தேடிக்கொண்டிருந்தோம். சிதம்பரத்தில், அவர் வீட்டில், ஜன்னலோர மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கு. ஒரு கோப்பை எடுத்துச் சுருக்குவேன். சுருக்கியதை வேறு இடத்தில் விரிப்பேன். பழையதையும் விரித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மாமா பார்க்க ஆரம்பிப்பார். அது யாரோ ஒருவருடைய கல்யாண ஃப்ளெக்ஸ் பேனராக இருக்கும். மாப்பிள்ளை, பெண், கீழே வரிசையாகச் சித்தப்பாக்கள், மாமன்கள், நண்பர்கள். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் போவார்.

“இந்தாளு நெத்தியில குங்குமம் இதுல இருக்குது. அதுல?”

“அதுலயும் இருக்கு மாமா.”

“பெருசு பண்ணிக் காட்டு.”

காட்டுவேன். இருக்கும். அடுத்த முகத்துக்குப் போவார்.

சுருக்கினால் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வைத்தது வைத்தபடி திரும்பி வருமா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். அரசுப் பேருந்து டெப்போவில் உதிரி பாகங்கள் வைக்கிற அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதுமே அங்கே வேலை. அந்த வேலையினால் அப்படி ஆனாரா, அப்படிப்பட்டவர் என்பதால் அந்த வேலையில் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. “வாங்குனது வாங்குனாப்ல போவணும்” என்பார். தண்ணீர்த் தொட்டி கழுவ ஒருமுறை பக்கத்து வீட்டில் ஏணி வாங்கினார். வேலை முடிந்ததும் ஏணியை ஈரத்துணியால் துடைத்து, காய வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். கொடுக்கும்போது, “மேல இருக்கற படி ஆடுது. நான் வாங்கும்போதே ஆடுச்சி. ஒரு ஆணி அடிச்சிடலாம்னு பாத்தேன். உங்க பொருளு, உங்களக் கேக்காம அடிக்கக் கூடாதுன்னு வுட்டுட்டேன்” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை.

என் கணவர் இதை வைத்து அவரை ஓட்டிக்கொண்டே இருப்பார். “எங்கப்பா இழுக்கற மூச்சக்கூட அளந்துதான் திருப்பி வுடுவாரு” என்பார். மாமாவுக்குக் காது கேட்கும்படியே சொல்வார். மாமா பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். ஆகவே அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

என் கணவர் அந்தக் கம்ப்யூட்டரில் ஃப்ளெக்ஸ் பேனர்களுக்கு டிசைன் செய்தார். அச்சடிக்கிற கடை கடலூரில். அதை நடத்துகிற பாபு அவருடைய நண்பன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று பத்துப் பன்னிரண்டு ஊர் முகங்கள் எங்கள் வீட்டு ஜன்னலோரத்துக்கு வந்து, வெட்டி ஒட்டப்பட்டு, பேனராகி, தெருமுனைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைத் தட்டிக் கொடுப்பேன். தலைமுடியின் ஓரத்தைப் பிசிறில்லாமல் வெட்டுவது அவருக்குச் சலிப்பான வேலை. அதை என்னிடம் தள்ளிவிடுவார்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகும்போது, கடலூரிலிருந்து பைக்கில் திரும்பி வந்தவரை ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேன் இடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவருடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், ஃபோன், பெல்ட், ஒரு செருப்பு. மாமா கவருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “இன்னொன்னு?” என்றார்.

“அவ்ளோதாங்க வந்துச்சி” என்றார் கொடுத்தவர்.

“ரெண்டு கால்லயும்தான போட்டுட்டுப் போனான்.”

யாரோ அவரைத் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்கள். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மறுநாள், மாமா ஒரு மஞ்சள் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார். பையிலிருந்து அந்த இன்னொரு செருப்பை எடுத்தார். சாலையோரப் பள்ளத்தில் புல்லுக்குள் கிடந்ததாம். டீக்கடைக்காரர் காட்டிக்கொடுத்தாராம். குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, செருப்பு ஸ்டாண்டில் மற்றதன் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஜோடியாக இருந்தன. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மாதங்களில் எதுவுமே எனக்குள் வந்து சேரவில்லை. சமைத்தேன். குழம்பில் உப்பு இல்லை என்று மாமா சொன்னால்தான் எனக்குத் தெரியும். அவரும் சொல்வதை விட்டுவிட்டு, தானே எழுந்துபோய் உப்பை எடுத்து வந்து போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். போட்டுக்கொண்டதும் உப்பு டப்பாவை அலமாரியில், இருந்த இடத்திலேயே வைப்பார்.

பாபு ஒருநாள் வந்தான். தண்ணீர் குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அண்ணி, அண்ணன் பண்ணிட்டிருந்தத நீங்களே பண்ணலாமே. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் வேல அனுப்பறேன். வூட்லேருந்தே பண்ணுங்க.”

சரி என்றேன். எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் முன்னாலேயே ஒரு டிசைனை ஆரம்பித்துச் சேமிக்கப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் இடமில்லை என்றது.

“பழசெல்லாம் அழிச்சிடுங்கண்ணி” என்றான் பாபு.

மாமா பேப்பரைக் கீழே வைத்தார். “எத அழிக்கறது?”

“பழைய டிசைனுங்க மாமா. எப்பவோ முடிஞ்ச கல்யாணம், காதுகுத்து. பேனரயே கழட்டி மாட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுட்டாங்க.”

“ஃபோட்டோ அவுங்க குடுத்ததுதான?”

“ஆமா.”

“திருப்பிக் குடுத்தானா?”

“வாட்சப்புல வந்தது மாமா. அதுல திருப்பிக் குடுக்கறதுக்கு என்னா இருக்கு?”

“அப்ப நம்மகிட்டதான இன்னும் இருக்குது. அடுத்தவன் பொருள எப்படி அழிப்ப?”

பாபு என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வைக்கிற டிஸ்க் ஒன்று வாங்கி அதில் போட்டுவிடலாம் என்றான். முன்பு அப்படி ஒன்று இருந்தது. கைதவறிக் கீழே விழுந்து, ஒரு மஞ்சள் நீராட்டின் ஃபோட்டோக்கள் முழுக்கப் போய்விட்டன. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் மாமாதான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அதனால் டிஸ்க் என்ற பேச்சே வேண்டாம் என்றார்.

“சரி, அப்ப ஜிப் பண்ணி வைங்க” என்றான் பாபு. “எல்லாத்தயும் அமுக்கிச் சின்னதாக்கி வச்சிடும். வேணுங்கறப்ப விரிச்சிக்கலாம். எதுவும் போவாது.”

“எதுவும் போவாதா?”

“போவாது மாமா.”

“பாத்துடுவோம்” என்றார் மாமா. எழுந்துபோய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் அது தொடங்கியது. கம்ப்யூட்டரோடு வந்த மென்பொருளை முதலில் பார்த்தோம். சுருக்கியது, விரித்தது, முகங்களெல்லாம் சரியாக இருந்தன. ஆனால் என் கணவர் ஃபோல்டர்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். ‘வடக்கு வீதி செட்டியார் கடை’, ‘மேல்பட்டாம்பாக்கம் கல்யாணம்’ என்று. விரித்தபோது அந்தப் பெயர்கள் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகளாக நின்றன.

“பேரு எங்க?” என்றார் மாமா.

“பேரு மட்டுந்தான் போயிருக்கு மாமா. உள்ள எல்லாம் இருக்கு.”

“பேரத் திருப்பித் தரல. வேணாம்.”

ஊரிலெல்லாம் பயன்படுத்துகிற இன்னொன்றை பாபு அனுப்பினான். அது பெயர்களை ஒழுங்காகத் தந்தது. மாமாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் சோதனைக் காலம் முடிந்ததும், திறக்கும்போதெல்லாம் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதை மூடிவிட்டு வேலையைத் தொடரலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன்.

“நம்மளக் கேக்கறான் பாரு. கேக்கக் கேக்க மூஞ்சியில கதவச் சாத்திட்டு அவன் பொருளயே எடுத்துப் பொழங்கறதா?” என்றார். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டு, முழுக்கப் போய்விட்டதா என்று இரண்டு தடவை பார்க்கச் சொன்னார்.

மூன்றாவது முழுக்க இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று செய்தவர்களே எழுதியிருந்ததை நான் தமிழில் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில், உள்ளே வைத்தது கெடாமல் இருக்கிறதா என்று தானே சோதித்துச் சொல்கிற ஒரு பொத்தானும் இருந்தது. பிழை எதுவும் இல்லை என்று அது சொன்னபோது மாமாவின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் தன் கண்ணால் பார்க்காமல் விடவில்லை.

எதை வைத்துச் சோதிக்கலாம் என்று கேட்டேன். “கடைசியா எதப் பண்ணான்?” என்றார்.

அது குடிகாட்டில் ஒரு குழந்தையின் காதுகுத்து. குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். கீழே தாய்மாமன்கள் என்று போட்டு, ஒரு பெயரும் ஒரு காற்புள்ளியும் இருந்தன. காற்புள்ளிக்கு அப்புறம் ஒன்றுமில்லை. அந்த வீட்டார் வேறு கடையில் பேனர் போட்டுக்கொண்டார்கள் என்று பாபு பிறகு சொன்னான்.

சுருக்கி விரித்தேன். குழந்தை வந்தது, சந்தனம் வந்தது, காற்புள்ளியும் வந்தது. மாமா திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். ஃபோல்டரின் தேதி அன்றைய தேதியாக மாறியிருந்தது.

“இன்னைக்கிப் பண்ணதுன்னு காட்டுது.”

“விரிச்சது இன்னைக்கி இல்லிங்களா, அதான். தேதிதான மாமா.”

“தேதிதானா?”

எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். மறுநாள் நான் அந்த மென்பொருளின் உள் அமைப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். ஓரிடத்தில் குறி போட்டால் பழைய தேதியோடு வரும் என்று கண்டுபிடித்தேன். செய்து காட்டினேன். மாமா வெகுநேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது இருக்கட்டும்” என்றார். அப்படியாக ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம்.

பிறகு வாரக்கணக்கில் அதே வேலை. ஒரு ஊர், இன்னொரு ஊர் என்று சுருக்கி, சோதித்து, திறந்து பார்த்து, அதற்கு அப்புறமே சுருக்காத பழையதை எடுத்தோம். பெரிய டிசைன்கள் பாதிக்கும் கீழே சுருங்கின. ஃபோட்டோக்கள் மட்டும் எவ்வளவு அமுக்கினாலும் அப்படியே இருந்தன. அவை எடுக்கும்போதே அமுக்கப்பட்டவை, அதற்கு மேல் அமுங்காது என்று பாபு ஃபோனில் விளக்கினான். மாமா தலையாட்டினார். திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிரம்பி முடிய, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இடம் கிடைத்தது. முதல் டிசைனை நான் தனியாகச் செய்தேன். கீழ வீதியில் ஒரு ஜவுளிக் கடைத் திறப்பு. பேனர் கட்டிய அன்று மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “எழுத்தெல்லாம் நேரா இருக்குது” என்றார்.

அதற்கடுத்த வாரம் அவர் பரணிலிருந்து என் சீர்ப் பாத்திரங்களை இறக்கினார். பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்கு, எவர்சில்வர் தட்டுகள். கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தார். பொங்கல் வருகிறது, அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் தோட்டை வாங்கிப்போய் ஆசாரியிடம் கொடுத்து, விழுந்துபோயிருந்த ஒரு கல்லைப் பதித்து வாங்கி வந்தார். கல் விழுந்தது எனக்கே தெரியாது.

“உங்க அப்பாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன்மா” என்றார் ஒரு காலையில். “ஞாயித்துக்கெழம வண்டி சொல்லியிருக்குது.”

“எதுக்கு மாமா?”

“நீ சின்னப் பொண்ணு. நான் எத்தினி நாளைக்கி இருப்பேன்? மாமனாரும் மருமவளும் மட்டுந்தானான்னு தெருவுல கேக்கறாங்க. நாலு பேரு வாய்ல நீ எதுக்கு வுழணும்? உங்க அப்பா கையப் புடிச்சி உன்ன வாங்கியாந்தேன். ஒப்படைச்சிடணும்.”

“பாபு ரெண்டு டிசைன் குடுத்துருக்கான் மாமா.”

“முடிச்சிக் குடுத்துட்டுக் கெளம்பலாம்.”

போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் எங்கோ இருந்தன. அவற்றை எடுத்து வாய்வரை கொண்டுவருகிற தெம்பு இல்லை. சரி மாமா என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது பித்தளைச் சொம்பு கைக்கு வந்தது. எங்கள் முதல் பொங்கலன்று என் கணவர் அதைக் கிணற்றடியில் நழுவவிட்டார். வயிற்றில் ஒரு நசுங்கல் விழுந்தது. மாமாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பியே நாங்கள் வைத்திருந்தோம். இப்போது விரலால் தடவிப் பார்த்தேன். நசுங்கல் இல்லை. சுற்றிச் சுற்றித் தடவினேன். மாமா அதையும் கடைக்குக் கொண்டுபோய்த் தட்டி எடுத்திருந்தார். கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல வழவழவென்று இருந்தது.

சாக்கில் வைத்தேன்.

காட்டுமன்னார்கோயிலில் வண்டி நின்றதும் என் அப்பா ஓடி வந்தார். “வாங்க சம்மந்தி, உள்ள வாங்க” என்றார். மாமா வாசலிலேயே நின்றுகொண்டு ஒவ்வொன்றாக இறக்கி வைக்கச் சொன்னார். பீரோ, கட்டில், கிரைண்டர், பாத்திரங்கள். வாசலில் கடை பரப்பியதுபோல ஆகிவிட்டது.

“ஒருவாட்டி பாத்துடுங்க.”

“என்னாத்தப் பாக்கறது? எம் பொண்ணு வந்துருக்கா. அது போதும்.”

“இல்ல, பாத்துடுங்க. அப்பறம் அது கொறஞ்சிது இது கொறஞ்சிதுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது.”

அப்பா பார்த்தார். என்ன பார்த்தாரோ, கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மாமா என் கையைப் பிடித்து அப்பாவின் கையில் வைத்தார். “உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. வாங்குனாப்ல குடுத்துட்டேன்” என்றார்.

அம்மா உள்ளேயிருந்து, “சாப்ட்டுட்டுப் போங்கண்ணா” என்றாள். தண்ணீர் மட்டும் கேட்டார். குடித்துவிட்டு, டம்ளரை வாசல் குழாயில் தானே அலசி, கவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு பஸ் நிற்கிற இடத்தை நோக்கி நடந்துபோனார். கம்ப்யூட்டர் அவர் வீட்டிலேயே இருந்தது. அது நான் கொண்டுவந்த பொருள் இல்லை.

என் வீட்டில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். அண்ணன் பிள்ளைகளைக்கூடச் சத்தம் போடாதீர்கள் என்றார்கள். ஒரு மாதம்போலப் போனது. பாபு ஃபோன் செய்தான்.

“அண்ணி, பழைய கல்யாண டிசைன் ஒன்ன ஒருத்தர் அப்படியே கேக்கறாரு. மாமாவக் கேட்டா, அது உள்ள வச்சிருக்குது, அந்தப் பொண்ணுக்குத்தான் எடுக்கத் தெரியும், வேற யாரும் தொடக் கூடாதுங்கறாரு.”

மறுநாள் டவுன் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். மாமா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது பதற்றம்தான்.

“என்னாம்மா, எதனா வுட்டுட்டனா?”

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படிக்குப் போய் அலமாரிகளைத் திறந்தார். பரணை எட்டிப் பார்த்தார். “கரண்டியா? அந்த முறுக்கு அச்சு உன்னுதா?” என்றார்.

“எதுவும் வுடல மாமா. பாபு ஒரு டிசைன் கேட்டான்.”

அப்போதுதான் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் படிந்திருந்த தூசியையும் அதாலேயே தட்டிவிட்டார். டிசைனை விரித்து எடுத்துப் பாபுவுக்கு அனுப்பினேன். அது முடிந்த பின்னும் நான் எழுந்திருக்கவில்லை.

“நாளைக்கும் வரட்டுமா மாமா? வேல இருக்குது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “உங்க அப்பாவக் கேட்டுக்கிட்டு வா” என்றார்.

அப்பா சம்மதித்தார். அடுத்த நாள் நான் போனபோது கம்ப்யூட்டர் மேசை தெருவைப் பார்த்த முன்னறைக்கு வந்திருந்தது. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. நான் வேலை செய்கிற நேரமெல்லாம் மாமா வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே வருவார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு இரண்டடி முன்னால் நடப்பார். பஸ் கிளம்பி முனை திரும்புகிறவரை நிற்பார். உடனே என் அப்பாவுக்கு ஃபோன் செய்து, “ஏத்தி வுட்டுட்டேன்” என்பார். இரண்டு வருடம் போல இது நடந்தது. ஒரு நாளும் தவறவில்லை. நாங்கள் என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து எனக்கு வரன் வந்தது. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். நான் மாமாவிடம் சொன்னபோது ஒன்றுதான் கேட்டார். “அவுங்க வூட்ல கம்ப்யூட்டர் இருக்குதா?” இல்லை, ஆனால் கடலூர் பக்கம்தான், பாபு கடையிலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்றேன். தலையாட்டினார். நான் செய்த டிசைன்களை மட்டும் தனியாகச் சுருக்கி ஒரு பென்டிரைவில் போடச் சொன்னார். வழக்கம்போல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு வந்தார். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டார். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அதன் பிறகு வருடத்துக்கு ஓரிரு முறை போய்ப் பார்த்தேன். குழந்தை பிறந்தபோது தூக்கிப்போய்க் காட்டினேன். சற்றுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, கழுத்தைத் தாங்கிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் என் இப்போதைய மாமனாரோடு போனேன். கணவருக்குக் கடையில் அவசர வேலை. எல்லாம் முடிந்ததும் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினோம். பஸ் பரங்கிப்பேட்டை கைகாட்டியைத் தாண்டியது. மேல்பட்டாம்பாக்கத்து மாமா என் பக்கம் திரும்பினார்.

“ஒன்னு சொல்லணும்மா. இத்தினி நாளா சொல்லல. சொல்லாதீங்கன்னு அவருதான் சொன்னாரு.”

“என்னா மாமா?”

“கல்யாணத்தன்னிக்கி, பந்தி முடிஞ்சி கை கழுவற எடத்துல எம் பக்கத்துல வந்து நின்னாரு. எனக்கு அவர சரியாக்கூடத் தெரியாது. ஈரக் கையோட எங் கையப் புடிச்சிக்கிட்டாரு. ‘எது நடந்தாலும் இந்தப் பொண்ணத் திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க. நான் அனுப்பிட்டேன்’னாரு. புடிச்ச கைய வுடல. பின்னாடி கை கழுவ அத்தினி பேரு நிக்கறாங்க. அழுவறாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“அனுப்ப மாட்டேங்கன்னு சொன்னேன். அப்பறந்தான் வுட்டாரு.”

பஸ் நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ கூடையோடு ஏறினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அழுதேன். கடலூர் வரும்வரைக்கும் என்னால் நிறுத்த முடியவில்லை. மேல்பட்டாம்பாக்கத்து மாமா என் மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த பையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.